‘கர்த்தர் சொன்னார்’ என்று ஒருவர் சொல்லும்போது: புதிய விசுவாசிக்கு ஒரு வழிகாட்டி

விசுவாசத்துக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவரிடம், யாராவது முதன்முதலாக ‘உங்களைக் குறித்துக் கர்த்தர் எனக்கு ஒன்றைக் காட்டினார்’ என்று சொல்லும் நாள் எப்படியும் வரும். அது ஜெபக்கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது வரலாம். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் குரல்பதிவாக வரலாம். ஆயிரம் பேர் கூடிய கன்வென்ஷன் பந்தலில், மேடையிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லியே வரலாம். தேவன் என்னைக் கண்டுகொண்டாரே என்ற சந்தோஷமும், இதை நம்பாவிட்டால் பாவமாகிவிடுமோ என்ற பயமும் அந்த நேரத்தில் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சை அழுத்தும். அந்த நாளுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்தபின் புதியவர்களோடு உட்கார்ந்து வேதம் வாசிக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அவர்களில் ஏமாந்துபோனவர்கள் யாரும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பலர் நன்றாகப் படித்தவர்கள், வேதத்தை நேசித்தவர்கள். ஒவ்வொருவருடைய கதையிலும் நான் கண்டவை இரண்டு: அவர்கள் அவசரப்படுத்தப்பட்டார்கள், யாரிடமும் சொல்லாதபடி தடுக்கப்பட்டார்கள். ஆகவே கீழே வரும் படிகள் அனைத்தும், அவசரப்படுத்தும் இடத்தில் நிதானிப்பதற்கும், மறைக்கச் சொல்லும் இடத்தில் வெளியே சொல்வதற்குமான பழக்கங்களே.

தொடங்குமுன்: சோதிப்பது அவிசுவாசம் அல்ல

இந்த ஒரு காரியம் மனதில் நிலைபெறாவிட்டால் மற்ற எந்தப் படியும் உதவாது. ‘நீங்கள் எல்லா ஆவிகளையும் நம்பாமல், அந்த ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்’ என்று யோவான் தன் முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் எழுதுவது வேதபண்டிதர்களுக்கு அல்ல, சபையிலுள்ள எல்லாருக்கும். பெரோயா பட்டணத்தார் பவுல் பிரசங்கித்ததையே ‘காரியங்கள் இப்படியிருக்கிறதா’ என்று தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களைச் சந்தேகக்காரர் என்று சொல்லவில்லை, நற்குணசாலிகள் என்றே சொல்லுகிறது. அப்போஸ்தலனுடைய பிரசங்கமே சோதிக்கப்படலாம் என்றால், நேற்று யூடியூபில் பேசியவருடைய வார்த்தை சோதிக்கப்படக் கூடாது என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

கேள்வி கேட்டவுடன் உங்களுக்கு எதிராக எடுத்துக் காட்டப்படும் வசனம் ஒன்று உண்டு. ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார்’ என்பார்கள். அது 105-ஆம் சங்கீதத்தின் 15-ஆம் வசனம். சங்கீதத்தைத் திறந்து முந்தைய வசனங்களையும் வாசியுங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சத் தொகையினராய், பரதேசிகளாய் அலைந்தபோது, அவர்களை ஒடுக்காதபடி கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று அது சொல்லுகிறது. அதாவது, பலமுள்ளவர்கள் பலமற்றவர்களுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று சொல்லும் வசனம் அது. மேடையில் இருப்பவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அபிஷேகம்பண்ணப்பட்ட சவுலின்மேல் கைபோட மறுத்த அதே தாவீதுதான், கெபிக்கு வெளியே நின்று, சவுலின் தவறை அவன் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னான். பவுல் அந்தியோகியாவில் பேதுருவையே முகமுகமாய் எதிர்த்தான். வசனத்தைக் காட்டி உங்களை வாயடைக்கப் பார்க்கும் ஒருவரிடம் அந்த வசனத்தின் முன்பின் பகுதிகளை வாசித்துப் பார்ப்பதே போதுமான தற்காப்பு.

அதே சமயம், எல்லாவற்றையும் தள்ளிவிடுகிற மனமும் ஆரோக்கியமானது அல்ல. ‘தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்’ என்று எழுதிய கைதான் அடுத்த வரியில் ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுகிறது. தவறாகப் பேசுகிற எல்லாரும் வஞ்சகர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவனாயிருந்தும் யோவானுடைய ஞானஸ்நானத்துக்கு அப்பால் அறியாதவனாய்ப் பேசினான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைக் கள்ளத்தீர்க்கதரிசி என்று அறிவிக்காமல், தனியே அழைத்துப் போய் அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். திருத்தப்படும்போது ஏற்றுக்கொள்கிறவரும், திருத்துகிறவரைச் சபிக்கிறவரும் வேறு வேறு மனிதர்கள்.

முதல் படி: அன்று ஒன்றும் முடிவு செய்யாதிருங்கள்

எரேமியா 28-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். இந்தக் காரியத்தில் அதைவிட உதவியான ஒரு அதிகாரத்தை நான் அறியேன். சிதேக்கியா ராஜாவின் நான்காம் வருஷம், ஐந்தாம் மாதம். கர்த்தருடைய ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் கூடியிருக்கையில், அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறிக்கப்படும், கொண்டுபோகப்பட்ட பணிமுட்டுகள் திரும்பிவரும், சிறைப்பட்டுப்போனவர்களும் திரும்பிவருவார்கள் என்று சொன்னான். அவன் வேறொரு தெய்வத்தின் பெயரில் பேசவில்லை; ‘சேனைகளின் கர்த்தர் சொல்லுகிறார்’ என்றே பேசினான். சொன்ன செய்தியும் எல்லாரும் கேட்க ஏங்கியிருந்த செய்தி.

எரேமியாவோ அந்தச் சிறையிருப்பு எழுபது வருஷம் என்று அறிவித்திருந்தவன். எல்லாருக்கும் முன்பாக மறுக்கப்பட்ட அவன் என்ன செய்தான்? ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றான். பிறகு, சமாதானத்தை அறிவிக்கிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதே அவன் கர்த்தர் அனுப்பியவன் என்று விளங்கும் என்று மட்டும் சொன்னான். பாபிலோனுக்குப் பணிவதன் அடையாளமாக அவன் கழுத்தில் அணிந்திருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதும் அவன் சண்டையிடவில்லை. ‘எரேமியா தீர்க்கதரிசி தன் வழியே போனான்’ என்று வேதம் சொல்லுகிறது. கர்த்தருடைய பதில் அதற்குப் பின்புதான் அவனுக்கு வந்தது. உண்மையான தீர்க்கதரிசியே அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியத்தை உணரவில்லை என்றால், சில மாதங்களே ஆன விசுவாசியாகிய உங்களுக்கு அந்த அவசியம் நிச்சயமாக இல்லை. அனனியா அந்த வருஷமே, ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்; பாபிலோனிலிருந்தவர்கள் இரண்டு வருஷத்தில் திரும்பவில்லை.

ஆகவே யாராவது ஒரு வார்த்தையைச் சொன்னால், ‘நன்றி ஐயா, ஜெபித்துப் பார்க்கிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அன்று பணம் அனுப்ப வேண்டாம், வேலையை விட வேண்டாம், சம்மதம் சொல்ல வேண்டாம், பொருத்தனை பண்ண வேண்டாம். ‘இன்றிரவு பன்னிரண்டு மணிக்குள் செய்யாவிட்டால் இந்த ஆசீர்வாதம் வேறொருவருக்குப் போய்விடும்’ என்று சொல்லப்பட்டால், அந்த ஒரு வாக்கியமே அந்த வார்த்தையைத் தள்ளிவைப்பதற்குப் போதுமான காரணம்.

இரண்டாம் படி: சொன்னதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, சொன்னவர், சொன்ன இடம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அன்றிரவே எழுதுங்கள். உங்களுக்குப் புரிந்ததை அல்ல, அவர் சொன்னதை எழுதுங்கள். நம்முடைய ஞாபகம் நம் ஆசைக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும். ‘ஒரு கதவு திறக்கும்’ என்று அவர் சொன்னது, ஆறு மாதத்துக்குப் பிறகு நமக்கு வேலை கிடைத்தவுடன், ‘வேலை கிடைக்கும் என்று அன்றே சொன்னாரே’ என்று மாறிவிடும். எழுதிவைத்த காகிதம் அப்படி மாறாது. கதவு திறக்கும், மேகம் விலகும், சத்துரு வெட்கப்படுவான் என்பன போன்றவை யாரிடம் சொன்னாலும் ஏதோ ஒரு வகையில் பொருந்தும். எழுதியபின் வாசித்தால் அது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

உபாகமம் 18-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனமும் இதையே எதிர்பார்க்கிறது. கர்த்தரின் நாமத்தினாலே சொல்லப்பட்ட காரியம் நடவாமலும் நிறைவேறாமலும் போனால், அந்தத் தீர்க்கதரிசி அதைத் துணிகரத்தினால் சொன்னான், ‘அவனுக்கு நீ பயப்படவேண்டாம்’ என்று அது முடிகிறது. சொன்னது என்ன என்று யாருக்கும் தெளிவாக நினைவில்லை என்றால், அது நிறைவேறியதா என்று எவரும் சொல்ல முடியாது. தேதி குறித்துச் சொன்னவர்கள் அந்த வகையில் எளிதாகச் சோதிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். வானொலிப் பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றும், அது பொய்த்தபின் அதே ஆண்டு அக்டோபர் 21 என்றும் அறிவித்தார். ‘அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்’ என்று ஆண்டவர் சொல்லியிருக்க, அவர்களை நம்பிச் சொத்தையும் வேலையையும் விட்டவர்கள் உண்டு. கேம்பிங் அடுத்த ஆண்டு தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: வசனத்தை அதன் வீட்டில் வைத்து வாசியுங்கள்

புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நம் சபைகளில் உண்டு. அதைக் குறைசொல்வது என் நோக்கம் அல்ல. என் தாயார் எடுத்த அட்டைகள் இன்னும் எங்கள் வீட்டு வேதாகமத்துக்குள் இருக்கின்றன. ஆனால் ஒரு வசனத்தை அட்டையில் மட்டுமே அறிந்திருப்பவர் எளிதில் ஏமாற்றப்படுவார்.

அதிகமாக அட்டையில் வருகிற ஒரு வசனத்தையே எடுத்துக்கொள்வோம். ‘நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்பது எரேமியா 29:11. இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதாவது கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நிலத்திலேயே மரிப்பார்கள். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று கடிதம் தொடங்குகிறது. அட்டை வசனத்துக்கு மூன்று வசனம் முன்னால், எட்டாம் வசனத்தில், உங்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகளும் குறிகாரரும் உங்களை மோசம்போக்கவிடாதிருங்கள் என்ற எச்சரிக்கை இருக்கிறது. விரைவில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவர்களுக்கு எதிராக எழுதப்பட்ட கடிதத்திலிருந்து ஒரு வரியை வெட்டி எடுத்து, விரைவில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவே அதைப் பயன்படுத்துகிறோம். முழுக் கடிதத்தையும் வாசிக்கிறவருக்கு அந்த வாக்குத்தத்தம் சிறியதாகிவிடுவதில்லை. நீண்ட காத்திருப்பிலும் கைவிடாத தேவனை அது காட்டுகிறது.

வசனத்தை வெட்டுவது எவ்வளவு பழைய தந்திரம் என்பதற்கு ஆண்டவருடைய சோதனையே சாட்சி. தேவாலயத்து உப்பரிகையின்மேல் பிசாசு காட்டியது 91-ஆம் சங்கீதம். ‘உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி’ என்று சங்கீதத்தில் இருப்பதில், ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற சொற்களை அவன் விட்டுவிட்டான். தாழக் குதிப்பது தேவன் காட்டிய வழி அல்லவே. அதற்கு ஆண்டவர் சொன்ன பதிலை நம் தமிழ் வேதாகமத்தில் கவனித்துப் பாருங்கள்: ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே.’ அந்த ‘என்றும்’ என்ற சொல்லில் உள்ள ‘உம்’ எனக்கு மிகவும் பிரியமானது. நீ காட்டியது எழுதியிருக்கிறது, இதுவும் எழுதியிருக்கிறது என்று அது இரண்டையும் பக்கத்தில் வைக்கிறது. யாராவது ஒரு வசனத்தைக் காட்டி உங்களிடம் எதையாவது கேட்டால், அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு, இதைக் குறித்து வேறெங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். ஒத்துவாக்கிய வேதாகமம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; சபையில் வேதம் நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவரைக் கேளுங்கள்.

நான்காம் படி: அற்புதத்தையும் அறிவையும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதிருங்கள்

‘என் பெயர், என் ஊர், என் வியாதி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாரே, தேவன் காட்டாமல் எப்படித் தெரியும்?’ என்பது புதியவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி. வழிகள் பல உண்டு. அமெரிக்காவில் பீட்டர் போபோஃப் என்ற சுகமளிக்கும் ஊழியர், முன்பின் அறியாதவர்களின் பெயரையும் முகவரியையும் நோயையும் மேடையிலிருந்து சொல்லிக் கூட்டத்தை வியக்கவைத்தார். 1986-இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக் கலைஞரும் அவருடைய குழுவினரும் 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்த ஒரு குரலைப் பதிவு செய்தார்கள். அது போபோஃபின் மனைவியின் குரல். கூட்டம் தொடங்குமுன் மக்கள் எழுதிக்கொடுத்த ஜெப அட்டைகளிலிருந்து விவரங்களை வாசித்து, கணவரின் காதிலிருந்த சிறு கருவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்தக் கருவிகூடத் தேவையில்லை. நீங்கள் ஜெப விண்ணப்பப் படிவத்தில் எழுதியதும், ஃபேஸ்புக்கில் போட்ட படமும், வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் பகிர்ந்த கண்ணீரும் போதும்.

அது தந்திரமாக இல்லாவிட்டாலும்கூட, அறிவு மட்டும் அத்தாட்சி ஆகாது. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்ல ஏவுகிற ஆவியைக் கொண்டிருந்த பெண், பவுலைக் குறித்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர், இரட்சிப்பின் வழியை அறிவிக்கிறவர்கள் என்றே அவள் கூவினாள். அப்படியிருந்தும் பவுல் அந்தச் சாட்சியை ஏற்கவில்லை. உபாகமம் 13-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், சொன்ன அடையாளம் நடந்தாலும், அவன் உங்களை வேறே தேவர்களிடத்துக்கு அழைத்தால் கேட்கக் கூடாது என்கிறது. ஆகவே ‘சொன்னது பலித்ததா’ என்பதோடு, ‘இந்த மனிதர் என்னை யாரிடம் கொண்டுபோகிறார்’ என்ற கேள்வியையும் கேளுங்கள். ஒரு வருஷம் அவரைக் கேட்டபின் உங்கள் வாயில் கிறிஸ்துவின் நாமம் அதிகமாக வருகிறதா, அந்த ஊழியரின் பெயரா?

ஐந்தாம் படி: பணம், மருந்து, குடும்பம் ஆகிய மூன்றையும் காத்துக்கொள்ளுங்கள்

வஞ்சகம் வார்த்தையாக வந்து, கடைசியில் இந்த மூன்றில் ஒன்றைத் தொடும்.

பணத்தைப் பற்றி ஆதிச் சபையே கண்டிப்பாக இருந்தது. முதல் நூற்றாண்டின் இறுதியையோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் ‘டிடாக்கே’ என்ற போதனை நூல், 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதியாக மீண்டும் கிடைத்தது. ஊர் ஊராக வரும் தீர்க்கதரிசி ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்டால் அவனுக்குச் செவிகொடாதிருங்கள் என்றும், தேவையில் இருக்கும் மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் அது சொல்லுகிறது. இவ்வளவு எளிய, இவ்வளவு நியாயமான அளவுகோல் இன்றும் போதும். எலிசா நாகமானுடைய காணிக்கையை வாங்க மறுத்தான். அவன் பின்னாலேயே ஓடி, இரண்டு தாலந்து வெள்ளியை வாங்கிக்கொண்டு வந்தவன் கேயாசி. காணிக்கை கொடுப்பது நல்லது. அதை உங்கள் சபையில், ரசீது கிடைக்கும் இடத்தில், வருஷக் கணக்கு வாசிக்கப்படும் இடத்தில் கொடுங்கள். ‘இவ்வளவு விதைத்தால் இத்தனை மடங்கு அறுப்பீர்கள்’ என்று சொல்லி, திரையின் அடியில் ஒரு தனிமனிதரின் ஜிபே எண் ஓடினால், அனுப்ப வேண்டாம். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ காணிக்கை கொடுக்கும்படி கர்த்தர் உங்களிடம் கேட்கவில்லை.

மருந்தைப் பற்றி நான் மென்மையாகப் பேச முடியாது. எங்கள் வேதபாட வகுப்புக்கு வந்த ஒரு தாயாரிடம், சுகம் கிடைத்துவிட்டது, இனி மாத்திரையைத் தொட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம் என்று ஒரு ஊழியர் சொல்லியிருந்தார். அந்தத் தாயார் சர்க்கரை நோய் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். எங்களுக்குத் தெரியவந்தபோது காலில் புண் ஆழமாகியிருந்தது. தேவன் சுகமாக்குகிறார் என்று நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் ஆண்டவர் குஷ்டரோகியைச் சுத்தமாக்கியபின், ‘உன்னை ஆசாரியனுக்குக் காண்பி’ என்று, அன்றைக்குச் சோதித்துச் சொல்ல அதிகாரம் பெற்றவரிடமே அனுப்பினார். எசேக்கியாவுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்த தேவன் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் செய்தார். பவுல் தன் கூடப் பயணம் செய்த லூக்காவை ‘பிரியமான வைத்தியன்’ என்றே எழுதுகிறான். சுகம் கிடைத்தது என்று நம்பினால் பரிசோதனைக்குப் போங்கள். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. இன்சுலின், வலிப்பு மருந்து, காசநோய் மருந்து, மனநல மருந்து ஆகியவற்றைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

குடும்பத்துக்குள் வஞ்சகம் வரும் வழி பெரும்பாலும் பயம். ‘உங்கள் வீட்டுக்குச் செய்வினை வைத்திருக்கிறார்கள், வைத்தது உங்கள் உறவில் ஒரு பெண்’ என்று சொல்லிவிட்டு, கட்டவிழ்க்கும் ஜெபத்துக்கு நாள் குறிப்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் அண்ணியும் நாத்தனாரும் பல வருஷம் பேசாமல் போன வீடுகளை நான் அறிவேன். நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத குற்றத்தை ஒரு உறவினர்மேல் சுமத்துகிற வார்த்தையை, யார் சொன்னாலும், ஏற்க வேண்டாம். திருமணக் காரியத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘இவர்தான் உனக்கென்று கர்த்தர் எனக்குக் காட்டினார்’ என்று சொல்லும் ஒருவர், உங்கள் சம்மதத்தின் இடத்தில் தன் தரிசனத்தை வைக்கிறார். கர்த்தர் உங்களோடு பேச விரும்பினால் அவருக்கு உங்களையும் தெரியும்.

ஆறாம் படி: மறைக்கச் சொன்னதை ஒருவரிடமாவது சொல்லுங்கள்

16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், தமது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற நூலில் சத்துருவை ஒரு கள்ளக் காதலனுக்கு ஒப்பிடுகிறார். ஒரு பெண்ணை மயக்கப் பார்க்கிறவன், தன் பேச்சுகள் அவளுடைய தகப்பனுக்கோ கணவனுக்கோ தெரியாமலிருப்பதையே விரும்புவான். தெரிந்துவிட்டால் தன் காரியம் நடக்காது என்பது அவனுக்குத் தெரியும். ‘இதை உங்கள் பாஸ்டரிடம் சொல்ல வேண்டாம், அவருக்கு இந்த ஆழம் புரியாது’ என்று கேட்ட ஒவ்வொருவரும் இந்த ஒப்புமையை உடனே புரிந்துகொள்வார்கள். கொரிந்து சபைக்குப் பவுல் கொடுத்த ஒழுங்கு இதற்கு நேர் எதிரானது: தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், ‘மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்’. பேசுவது ஒருவர், நிதானிப்பது பலர், எல்லாம் வெளிச்சத்தில்.

தனிமை எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காசியன் என்ற துறவி 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய, துறவிகளின் உரையாடல்கள் அடங்கிய நூலில் ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. ஹெரோன் என்ற முதிய துறவி ஐம்பது ஆண்டுகள் எகிப்தின் வனாந்தரத்தில் கடுமையாக உபவாசித்து வாழ்ந்தார். உபவாசத்தில் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, ஈஸ்டர் நாளில்கூடச் சகோதரரோடு சேர்ந்து உண்ண வரமாட்டார். ஒளியின் தூதனாக வந்த ஒருவனை அவர் நம்பினார். தன் புண்ணியத்தின் நிமித்தம் தனக்கு ஒரு சேதமும் வராது என்று காண்பதற்காக நள்ளிரவில் ஆழமான கிணற்றில் குதித்தார். சகோதரர்கள் குற்றுயிராக வெளியே எடுத்தார்கள். மூன்றாம் நாள் இறந்தார். தாம் வஞ்சிக்கப்பட்டதைக் கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பதே அந்த நிகழ்ச்சியில் மிகவும் துக்கமானது. உப்பரிகையில் ஆண்டவர் மறுத்த அதே குதிப்புதான். ஐம்பது வருஷ உபவாசம் அவரைக் காக்கவில்லை. சகோதரரோடு ஒரு நேரம் உட்கார்ந்து உண்டிருந்தால், அந்தத் தூதனைப் பற்றி யாராவது ஒருவர் கேட்டிருக்கக்கூடும்.

ஆகவே மூன்று பேரை இப்போதே தேர்ந்துகொள்ளுங்கள்: உங்கள் சபையின் போதகரோ மூப்பரோ ஒருவர், உங்களைவிட நீண்டகாலம் விசுவாசத்தில் இருக்கும் ஒருவர், உங்கள் குடும்பத்தில், விசுவாசியாக இல்லாவிட்டாலும், உங்கள் நலத்தை விரும்பும் ஒருவர். மூன்றாமவரை வேண்டுமென்றே சேர்க்கிறேன். வேதம் தெரியாத அப்பாவுக்கும், ‘இந்த ஆள் ஏன் இவ்வளவு பணம் கேட்கிறான்’ என்பது தெரியும். போதகரே உங்களைத் தவறாக நடத்துகிறார் என்றால், அவருக்கு மேலே உள்ளவரிடமும், சபைக்கு வெளியே நீங்கள் நம்பும் ஒருவரிடமும் சொல்லத் தயங்க வேண்டாம். அது தேவனுக்கு எதிரான கலகம் அல்ல.

ஏழாம் படி: உங்கள் ஆசையையும் சோதியுங்கள்

இந்தப் படி மற்றவரைப் பற்றியது அல்ல என்பதால் பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது, வெளிநாட்டு ஊழியத்துக்குக் கர்த்தர் என்னை அழைக்கிறார் என்று ஒரு பெரியவர் சொன்னார். அடுத்த இரண்டு வருஷம் வேறு எந்த ஆலோசனையும் என் காதில் ஏறவில்லை. இன்று திரும்பிப் பார்க்கையில், அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். வீட்டுப் பொறுப்புகளைவிட்டுத் தூரமாகப் போக வேண்டும் என்ற ஆசை எனக்குள் முன்னமே இருந்தது. அவர் வார்த்தை அதற்கு ஒரு பரிசுத்தமான பெயரைக் கொடுத்தது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது ‘செவித்தினவுள்ளவர்கள்’ என்று ஒரு சொல் வருகிறது. தினவு காதில் இருக்கிறது, சொறிந்துவிடப் போதகர்களைத் தேடுகிறார்கள். ஆகாப் ராஜாவைச் சுற்றி ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் இருந்தார்கள். மிகாயா ஒருவனை மட்டும், தன்னைக் குறித்து நன்மையாகச் சொல்லமாட்டான் என்பதால், அவன் பகைத்தான்.

நோட்டில் எழுதிவைத்த வார்த்தைக்குக் கீழே இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இது நான் முன்னமே விரும்பியதுதானா? இதற்கு நேர்மாறாகச் சொல்லப்பட்டிருந்தால், அதே மனிதரை அதே அளவு நம்பியிருப்பேனா?

முன்னமே ஏமாந்திருந்தால்

இந்த வரியை வாசிக்கும் சிலருக்கு மேலே உள்ள படிகள் காலம் கடந்தவை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது: முதலில், பணம் போய்க்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். இணைய வழியாக மோசடி செய்யப்பட்டிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை மீட்க வாய்ப்பு உண்டு. மருந்தை நிறுத்தியிருந்தால் நாளைக் காலையில் மருத்துவரிடம் போய், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்து, நடந்ததை முழுவதுமாக ஒருவரிடம் சொல்லுங்கள். வெட்கம் இருக்கும், பாதியை மறைக்கத் தோன்றும்.

விலகினால் சாபம் வரும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பலருக்கு இரவில் தூக்கம் வராததற்கு அதுவே காரணம். நீதிமொழிகள் 26:2-ஐ ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் அருகில் வையுங்கள்: ‘அடைக்கலான் குருவி அலைந்துபோவதுபோலும், தகைவிலான் குருவி பறந்துபோவதுபோலும், காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது.’ விலகியபின் வருகிற சாதாரணக் காய்ச்சலையும் வண்டிப் பழுதையும் அந்தச் சாபத்தோடு இணைத்துப் பார்க்க மனம் முயலும். அப்போதெல்லாம் அந்தத் தாளை வாசியுங்கள்.

சிலருக்கு வேதத்தைத் திறந்தாலே அந்த மனிதரின் குரல் காதில் கேட்கும். அப்படியிருந்தால் வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். மாற்குவின் சுவிசேஷத்தை நாளுக்குச் சில வசனங்களாக, முடிந்தால் வேறொருவர் வாசிக்கக் கேளுங்கள். ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காருங்கள். குறைந்தது ஒரு வருஷத்துக்கு எந்தப் பொறுப்பையும் ஏற்காதிருங்கள்.

உங்கள் வீட்டிலோ நட்பிலோ ஒருவர் இன்னும் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், வாதத்தில் வென்று அவரை வெளியே கொண்டுவர முடியாது. நீங்கள் அதிகம் எதிர்த்தால், ‘பார், துன்பப்படுத்துகிறார்கள்’ என்று அங்கே சொல்லிக்கொடுக்கப்பட்ட பதில் அவருக்கு நிஜமாகிவிடும். அவருடைய பிறந்தநாளை மறக்காதிருங்கள். அந்த ஊழியரைப் பற்றிப் பேசாமல், அவரைப் பற்றி விசாரியுங்கள். என்றாவது ஒரு நாள், கையில் ஒரு பையோடு, அவர் உங்கள் வாசலில் வந்து நிற்கக்கூடும். அன்று ‘அப்போதே சொன்னேன் அல்லவா’ என்று தொடங்காமல், உள்ளே அழைத்துச் சாப்பாடு போடுங்கள்.